பட்டியலில் இரண்டு பேர்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்தால்தான் இதை நிம்மதியாகக் கேட்க முடியும். அலோன் துறைமுகப் பக்கம், ஒரு மூன்றாவது மாடியில், பட்டப்பகலில் நடந்தது இது. ராத்திரிக் கதை இல்லை. அதனால் விளக்கை ஏற்றிவைத்தால் பயம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். முழுசாகச் சொல்கிறேன். நடுவில் யாராவது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். முதலில் திரும்பிப் பாருங்கள்.

அந்த ஒலிப்பதிவில் மூன்று பேர் என்று குறிப்பில் எழுதியிருந்தது. அம்சவேணியின் காதுக்கு நான்கு பேர் கேட்டார்கள்.

குரல்களைப் பிரிப்பதுதான் அவள் வேலை. பேச ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கும் மொழிகளை எங்கோ ஒரு பல்கலைக்கழகம் பதிவு செய்து அனுப்பும். நகரத்தின் நடுவிலிருந்த ஒரு சின்ன அலுவலகம் அதை வாங்கி, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். மொழி தெரியவேண்டியதில்லை. யார் எப்போது பேச ஆரம்பித்தார், எப்போது நிறுத்தினார் என்று கணினித் திரையில் கோடு இழுத்து, குரல் ஒன்று, குரல் இரண்டு என்று பெயர் வைத்தால் போதும். அர்த்தத்தை அந்தத் தேசத்துக்காரர் ஒருவர் பின்னால் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார். அது வாரக்கணக்கில் தாமதித்து, பாதி பாதியாக வரும். வந்ததும் கோடுகளுக்குக் கீழே ஒட்டவேண்டும்.

அந்த மழைக்காலத்தில் அலோனுக்கு மின்சாரம் பகல் ஒரு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போய்விடும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஏற்றி, சோறு வடித்து, மிச்சத்தில் வேலை பார்க்கவேண்டும். காதுகளை மூடும் கருவியைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால், துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கிரீச்சிடலும், கீழ்வீட்டில் வேகும் ஞாப்பி மீன் விழுதின் நாற்றமும், தகரக் கூரையில் ஓயாமல் விழும் மழையும் தூரமாகிப்போய், பத்தாயிரம் மைலுக்கு அப்பால் யாரோ ஒரு கிழவியின் அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்கும். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு மிச்சமிருந்த பயணம் அவ்வளவுதான்.

பதினேழாம் பதிவு. கிழவி ஒருத்தி. கிழவியின் கொழுந்தன் ஒருவர், இருமிக்கொண்டே இருப்பார். கேள்வி கேட்கும் இளம்பெண். மூன்று பேர். கிழவி எதையோ படிப்பதுபோல ஒவ்வொரு பெயராகச் சொல்வாள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், பாத்திரத்துக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல, தொலைவிலிருந்து இரண்டு வார்த்தை.

"துகா சும்."

பதினோரு பெயர். பதினோரு தடவை.

அலுவலகத்தை நடத்தும் நந்திதாவுக்குப் போன் போட்டாள்.

"நந்திதா, பதினேழாவதுல நாலு பேர் இருக்காங்க. குறிப்புல மூணுன்னு இருக்கு."

"பக்கத்து ரூம்ல யாராச்சும் இருந்திருப்பாங்க அக்கா. நீங்க பூனை கத்துனாகூட ஆள்னு போட்டுருவீங்க."

"பூனை ரெண்டு வார்த்தை பேசுமா?"

"யாபாதே அக்கா, பரவாயில்லை. குரல் நாலுன்னு போட்டு விட்ருங்க. எண்ணிக்கை சரியா இருந்தா அவங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

அம்சவேணி குரல் நான்கு என்று போட்டாள். அன்று மின்சாரம் போனதும், காதுக் கருவியைக் கழற்றிவைத்துவிட்டு, வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்துவைத்தாள். ஒரு தட்டில் சோறு போட்டுத் தின்றாள். இன்னொரு தட்டைக் கழுவாமலே கவிழ்த்துவைத்தாள். அழுக்காகியிருந்தால்தானே கழுவுவதற்கு.

அந்தத் தட்டு மோகனுடையது. அவள் தம்பி, இருபத்தொன்பது வயது. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது; சோறு ஊட்டியது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது, காய்ச்சலில் நெற்றியைத் தடவியது எல்லாம் அம்சவேணிதான். துறைமுகத்தில் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலையிலிருந்தான். கப்பல் கயிறு அறுத்து வலது கால் பெருவிரலில் பாதி நகம் போய், பிறை நிலா மாதிரி ஒரு தழும்பு. படைக்கு ஆள் எடுக்கும் சீட்டில் அவன் வயதுக்காரர்கள் பெயர் வர ஆரம்பித்ததும், தண்ணீர்த் திருவிழாவின் கூட்டத்தோடு கூட்டமாகக் கிழக்கே போனான். கடைசியாக எல்லைப் பக்கத்திலிருந்து பேசினான்.

"ஆத்தைத் தாண்டப் போறோங்க்கா. அந்தப் பக்கம் போனதும் கூப்பிடறேன். என் பேரை மட்டும் பட்டியல்லேருந்து எடுக்க விட்றாதே."

அதற்குப் பிறகு தொண்ணூற்று மூன்று நாள் ஆகிவிட்டது.

வீட்டுப் பட்டியல் என்பது ஒரே ஒரு தாள். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வார்டு அலுவலகம் முத்திரை குத்திக் கொடுப்பது. அதில் பெயர் இருந்தால் ஒருவனுக்கு வீடு உண்டு, அடையாள அட்டை உண்டு, திரும்பிவர ஓரிடம் உண்டு. பெயரை அடித்துவிட்டால் அவன் எங்கிருந்தும் வரமுடியாது. வந்தாலும் அவன் யாருமில்லை. அம்சவேணியின் தாளில் இரண்டே பெயர்.

வார்டிலிருந்து வருகிறவர் ஊ தான் மவுங். முன்னால் பள்ளி ஆசிரியர். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க, கிராதிக் கதவைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தாளிலிருந்து எடுக்காமலே பெயரை வாசிப்பார். வகுப்பில் பிள்ளைகள் சொல்வார்களே, 'ஷிபாதே', இருக்கிறேன் என்று, அதைக் காதால் கேட்டால்தான் அவர் பேனா நகரும். இரண்டு தடவை அம்சவேணி, தம்பி வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"டோ அம்சவேணி," என்றார் இரண்டாம் தடவை, 'அம்மா' என்கிற மரியாதையோடு, வருத்தமாகவே. "அடுத்த தடவை அவன் குரலை நான் கேக்கணும். இல்லேன்னா அடிச்சிடுங்கன்னு மேல சொல்றாங்க. எனக்கும் முட்டி வலி. சும்மா சும்மா ஏறமுடியலை."

இந்த நிலைமையில்தான் பதினேழாம் பதிவின் முதல் பாதிக்கு மொழிபெயர்ப்பு வந்தது.

ஊரின் பெயர் ஸ்லாட்கா வோடா. நல்ல தண்ணீர் என்று அர்த்தமாம். மலை முகட்டுக்குக் கீழே, ஒரு ஆற்றங்கரையில், இரண்டு தேசம் முட்டிக்கொள்ளும் இடம். கிழவி பெயர் ஸ்தானா. ஊர் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கோடுதான் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அரசும் வந்து ஊர்க்காரர்களின் பெயருக்கு ஒரு வால் ஒட்டியது. அடுத்து வந்தது அந்த வாலை வெட்டிவிட்டு வேறு வாலை ஒட்டியது. ஸ்தானாவின் அப்பன், அண்ணன், தம்பி மூன்று பேர் கல்லறையிலும் ஒரே குடும்பப் பெயர் மூன்று விதமாக வெட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் பேசுவது ஸ்லாவ் மொழிகளில் ஒன்று. ஆனால் அதற்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை. 'போ நாஷு' என்பார்கள். நம்ம மாதிரி. பள்ளிக்கூடத்தில் நம்ம மாதிரி பேசினால் பிரம்படி. அதனால் அது வீட்டுக்குள், அடுப்படியில், தாழ்ந்த குரலில் மட்டுமே பேசிப்பேசி, கத்திச் சொல்லத் தோதான வார்த்தையே இல்லாத பேச்சாகிவிட்டது என்கிறாள் கிழவி.

அம்சவேணி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அவளும் மோகனும் வீட்டுக்குள் பேசிய தமிழ் அப்படித்தான் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். இந்தப் பேச்சில் ஒரு ஆளைச் சொல்லும்போதே அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். தூரத்துப் பையன் மோம்ச்செனோ. கேட்கிறவர் பக்கத்தில் இருப்பவன் மோம்ச்செதோ. சொல்கிறவர் பக்கத்திலேயே இருப்பவன் மோம்ச்செவோ.

பிறகு கிழவி அந்தக் கதைக்கு வந்தாள். கோடு கடைசியாக நகர்ந்து, ஆறே எல்லையாகிவிட்ட காலம். தினமும் சாயங்காலம் காவலன் வந்து வீடு வீடாகப் பெயர் படிப்பான். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆற்றைத் தாண்டி ஓடினார்கள். ஓடியவன் வீட்டாரை மொத்தமாகப் பெயர்த்து எங்கோ கொண்டுபோய்விடுவார்கள். அதனால் தாய்மார்கள் ஒன்று செய்தார்கள். செம்புத் தவலைக்குள் வாயை வைத்து, உள்ளறையிலிருந்து மகனுடைய குரலில் பதில் கொடுத்தார்கள். துகா சும். இங்கே இருக்கிறேன். தவலைக்குள்ளிருந்து வரும்போது எந்தத் தாயின் குரலும் மகன் குரல்தான். காவலன் தாளைத்தான் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

'எண்ணிக்கை ஒரு நாளும் தவறியதில்லை,' என்றிருந்தது ஸ்தானாவின் கடைசி வரி. 'புகைபோக்கிகளில் புகை மட்டும் குறைந்துகொண்டே வந்தது.'

அங்கே மொழிபெயர்ப்பு நின்றது. மீதி பிறகு வரும். குரல் நான்குக்கு எதிரே மட்டும் மொழிபெயர்ப்பாளர் எதுவும் எழுதாமல் காலியாக விட்டிருந்தார்.

பாதிக் கதையைக் கேட்டுக் காரியத்தில் இறங்கக்கூடாது, கண்ணுகளா. ஆனால் அந்த வேலை பாதி பாதியாக வருகிற வேலை. அவள் என்ன செய்வாள்?

மூன்றாம் தடவை ஊ தான் மவுங் வந்தபோது அம்சவேணி கிராதிக் கதவில் நின்று, "குளிக்கிறான், நீங்க கூப்பிடுங்க, நான் அடுப்பைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றாள். உள்ளே போனாள். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு திரை, பழைய பச்சைப் புடவை, தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். அதைத் தாண்டிக் குளியலறைக்குள் போய், வெண்கலக் குடத்தைக் காலி செய்து, உள்ளே முகத்தைப் புதைத்தாள். பாசி வாடை. தன் மூச்சு தன் முகத்திலேயே சூடாக அடித்தது.

"கோ மோகன்!"

"ஷிபாதே!"

குடத்துக்குள்ளிருந்து வந்தது அவள் குரல் இல்லை. காலையில் எழுந்ததும் கரகரவென்று அவன் பேசுகிற குரல். அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

"அப்பாடா," என்றார் வெளியே ஊ தான் மவுங். பேனா நகர்ந்தது. "ஏம்ப்பா, குரலே இப்படிக் கட்டியிருக்கே! மழைத் தண்ணியில குளிக்காதே."

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கியதும் அம்சவேணி குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவன் போனதிலிருந்து முதல் சிரிப்பு. சிரித்து ஓய்ந்தபிறகு, எல்லாச் சத்தமும் அடங்கியபிறகு, குடத்துக்குள் ஏதோ மிச்சமிருப்பதுபோல ஒரு ரீங்காரம். கையை வைத்து அமுக்கினாள். நின்றது.

அடுத்த ஒரு வாரம் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, சந்தையிலிருந்து கறிவேப்பிலையும் கருவாடுமாக மூன்று மாடி ஏறி வந்தபோது, எதிர்வீட்டு நூருன்னிசா கதவைத் திறந்துகொண்டு நின்றாள். ஒரு கன்னத்தில் மட்டும் தனாக்கா மரப்பட்டை விழுது பூசியிருந்தாள்.

"வாங்க அம்சாக்கா, கள்ளி! என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க."

"என்ன சொல்லலை?"

"தம்பி வந்துட்டான்ல? இப்பத்தான் தண்ணி வருதான்னு உங்க வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டேன். உள்ளேருந்து குரல் குடுத்தான். நான் என்ன, ஊரைக் கூட்டியா சொல்லப்போறேன்?" ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி, கூட்டித்தான் சொல்வேன். ஆனா இதைச் சொல்லமாட்டேன், அல்லா மேல ஆணை."

"என்ன சொன்னான்?"

"என்னத்தைச் சொன்னான்? ஷிபாதேன்னான். வார்டுக்காரனுக்குச் சொல்ற மாதிரி எனக்கே சொல்றான், திமிர் பாருங்க!"

பை கையிலிருந்து நழுவியது. பூட்டை அவசரமாகத் திறந்தாள். பயத்தில் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் பயமே இல்லை. "மோகா," என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். முன்னறை, திரை, பின்னறை, குளியலறை. இரண்டு அறை வீட்டில் தேட எவ்வளவு நேரம் ஆகும்? கயிற்றில் அவன் லுங்கி அப்படியே தொங்கியது. குளியலறையில் குடம் நிமிர்ந்து நின்றது. அவள் கவிழ்த்துவைத்திருந்த குடம். விளிம்புவரை தண்ணீர், குழாயில் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்றாலும். பழுப்புத் தண்ணீர். சாய்த்து ஊற்றினாள். அடியில் ஒரு கைப்பிடி மணல்.

மழைக்காலத்தில் குழாயில் சேறு வரும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நூருன்னிசா காதில் எப்போதும் பாட்டு ஓடும் என்று சொல்லிக்கொண்டாள். பகலெல்லாம் வேலை பார்த்த களைப்பு ஒரு வசதி. எதையும் நின்று யோசிக்க விடாது.

ஆனால் அதற்குப் பிறகு அந்த வீடு மாறிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. மின்சாரம் போய் மின்விசிறி மெல்ல மெல்ல நிற்கும்போது, அதன் கடைசிச் சுற்றுக்கும் மழைச் சத்தம் திரும்ப எழுவதற்கும் நடுவில் ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் திரைக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதுபோல இருக்கும். துவைத்துக் காய்ந்த லுங்கியில் ஆற்று மண் வாடை வந்தது. தட்டு வைக்கும்போது பழக்கத்தில் "மோகா, சாப்பிட வா" என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கினாள். கூப்பிடாமலே தின்றாள். இரண்டாவது தட்டை எடுப்பதை நிறுத்தினாள். நிறுத்திய மறுநாள், தட்டு தானே சுவரோரம் நிமிர்ந்திருந்தது. விளிம்பில் ஈரம்.

வேலை மட்டும் நடந்தது. பதினேழாம் பதிவின் இரண்டாம் பாதிக்குக் கோடு போட்டாள். அர்த்தம் தெரியாமலே ஒரு வார்த்தையை மட்டும் காது பிடித்துக்கொண்டது. கிழவி முதலில் மோம்ச்செனோ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மோம்ச்செதோ. விறகு வெடித்தது, கொழுந்தன் இருமினார். பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில், மோம்ச்செவோ.

அம்சவேணி காதுக் கருவியைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது போலிருந்தது. இல்லை. மழை.

நான்காம் தடவை வார்டு வருகிற நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே அவள் மனசு பிய்ந்தது. குடத்தை மறுபடி தொட அவளுக்குத் துணிவில்லை. தொடாவிட்டால் தம்பியின் பெயருக்கு மேலே கோடு விழும். எங்கோ ஒரு முகாமில், கையில் போன் இல்லாமல், காய்ச்சலோடு, ஆனாலும் உயிரோடு அவன் கிடந்தால்? அந்தத் தாள் ஒன்றுதான் அவன் திரும்பிவரும் வழி. இன்னும் ஒரே ஒரு தடவை என்று முடிவு செய்தாள். பிறகு குடத்தை விற்றுவிடலாம்.

இரண்டரை மணிக்குக் கணினியில் மணி அடித்தது. இரண்டாம் பாதியின் மொழிபெயர்ப்பு.

ஸ்தானா சொல்கிறாள்:

'உயிரோடு இருக்கிறவனுக்காகப் பதில் சொன்னால் அது வெறும் பொய். கடவுள் மன்னிப்பார். செத்தவனுக்காகப் பதில் சொன்னால் அது அழைப்பு. எங்களில் யாருக்குத் தெரியும், எந்தப் பிள்ளை அக்கரை சேர்ந்தது, எந்தப் பிள்ளை ஆற்றோடு போனது என்று? எல்லாருக்கும் பதில் சொன்னோம்.

'அக்கரை சேர்ந்தவர்களின் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டில், மூன்றாம் மாதம், நான் தவலையை எடுப்பதற்கு முன்னாலேயே உள்ளறையிலிருந்து பதில் வந்தது. என் பையன் குரல். நான் சந்தோஷத்தில் அழுதேன். காவலன் எழுதிக்கொண்டான்.

'பிறகு என் பெயரைக் கூப்பிட்டான்.'

அதற்குக் கீழே இன்னும் வரிகள் இருந்தன. அம்சவேணி படிக்கவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. ஒரு மாடி. இருமல். இரண்டாம் மாடி. முட்டி வலிக்கு ஒரு முனகல்.

அவள் எழுந்தாள். எங்கே போவது? குளியலறைக்கா? அங்கே குடம் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிராதிக் கதவுக்கு ஓடினாள். சொல்லிவிடலாம். இல்லை என்று சொல்லிவிடலாம். போய்விட்டான், எங்கே என்று தெரியாது, அடித்துவிடுங்கள். சொல்லிவிட்டால் அழைப்பு நின்றுவிடும். தம்பி போனால் போகட்டும். ஐயோ. போகட்டும் என்று எப்படிச் சொல்வது?

ஊ தான் மவுங் கிராதியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தாளை விரித்தார்.

"ஒண்ணு. கோ மோகன்."

அவள் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். அந்த வார்த்தை தொண்டையில் எழுந்து, நாக்குவரை வந்து, அங்கேயே நின்றது. ஆறு வயதில் சோறு ஊட்டிய வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு நேரம்தான் தாமதம். ஒரு மூச்சு நேரம்.

"ஷிபாதே."

பின்னறையிலிருந்து. நிதானமாக. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல.

அம்சவேணி அசையவில்லை. அவள் கை இரண்டும் கிராதியில் இருந்தன.

பேனா நகர்ந்தது.

மோகன் செத்துவிட்டான். அதை அவளுக்கு யாரும் போனில் சொல்லவில்லை, கடிதம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் சொன்னது.

"ரெண்டு. டோ அம்சவேணி."

எதிரிலேயே நிற்கிறாள். சும்மா முறைக்காகக் கூப்பிடுவது. வாயைத் திறந்தாள்.

"ஷிபாதே."

உள்ளேயிருந்து.

அவள் குரல். அதே களைப்பு. கடைசியில் அவளுக்கு வரும் அந்தச் சின்னச் செருமல்கூட.

பேனா நகர்ந்தது.

"ரெண்டு பேர். சரியா இருக்கு." அவர் தாளை மடித்தார். தலையை எடுக்கவில்லை. திரும்பி எதிர்வீட்டைத் தட்டினார்.

ஐயா, என்றாள் அம்சவேணி. நான் இங்கே நிற்கிறேன். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. கிராதியைப் பிடித்து உலுக்கினாள். கிராதி அசையவில்லை.

நூருன்னிசா கதவைத் திறந்தாள். ஈரக் கை. அவள் பார்வை ஊ தான் மவுங்கின் தோளைத் தாண்டி, கிராதியைத் தாண்டி, அம்சவேணியின் முகத்தின் மேல் விழுந்து, நிற்காமல் கடந்து, உள்ளே போனது.

"அம்சாக்கா! தண்ணி வருதா?"

"வருது நூரு," என்றது உள்ளே.

"அப்ப நானும் பிடிச்சுக்கறேன். தம்பிக்கு இன்னைக்கு என்ன குழம்பு?"

உள்ளே சிரிப்பு. இரண்டு குரல்.

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் இறங்கியது. மூன்றாம் மாடி. இரண்டாம் மாடி. மழை.

அம்சவேணி திரும்பினாள்.

பச்சைத் திரை தரைக்கு ஒரு சாண் மேலே. அந்தச் சாண் இடைவெளியில் பாதங்கள். ஒரு ஜோடி ஊறிப்போய் வெளுத்திருந்தது. விரலிடுக்கில் மணல். வலது பெருவிரலில் பிறை நிலாத் தழும்பு. அதிலிருந்து தண்ணீர் மெல்லப் பரவி முன்னறைக்கு வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் இன்னொரு ஜோடி. உலர்ந்த பாதங்கள். வெடித்த குதிகால். பொங்கலன்று அம்மிக் குழவி விழுந்து கறுத்துப்போன அந்தச் சுண்டுவிரல் நகம்.

அது தன்னுடைய நகம்.

குனிந்தாள். தன் கால்களைப் பார்க்கத்தான் குனிந்தாள். சேலைக் கரைக்குக் கீழே, தான் நிற்கும் இடத்தில், சிமெண்டுத் தரை மட்டும் தெரிந்தது. அதன்மேல் ஆற்றுத் தண்ணீர், எதிலும் தடுக்காமல், நேராகப் போய்க்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால் யாரோ இரண்டு தட்டு எடுத்துவைத்தார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருக்க அவசரம் வேண்டாம், கால் மரத்துப்போயிருக்கும். உங்கள் வீட்டில் எத்தனை பெயர் எழுதியிருக்கிறதோ அத்தனை பேரும் தங்கள் சொந்த வாயால் பதில் சொல்லட்டும். தூரம் போனவர்கள் தங்கள் சொந்தக் காலால் படியேறி வரட்டும். கூப்பிடுகிறவர்கள் தாளிலிருந்து தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். உங்கள் அடுப்பு புகையட்டும், உங்கள் குடத்தில் நல்ல தண்ணீர் நிற்கட்டும்.